ராக்ஃபெல்லர் என்று சொன்னவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

கேள்வி: "ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜெர்மன்காரர் அமெரிக்கப் பணக்காரர்களுக்கு நடுவே பல வருடம் வாழ்ந்தாராமே? ஹார்வர்டில் படித்த மனைவி, பங்குச்சந்தைக்காரர்கள், கிளப் பெரிய மனிதர்கள் என்று இத்தனை பேரும் எப்படி நம்பினார்கள்? இணையம் வந்த பிறகுமா ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை?"

நீங்கள் கேட்பது கிளார்க் ராக்ஃபெல்லர் வழக்கைப் பற்றி. அவருடைய உண்மைப் பெயர் கிறிஸ்டியன் கார்ல் கெர்ஹார்ட்ஸ்ரைட்டர். 1961-இல் தெற்கு ஜெர்மனியில், பவேரியாவின் சீக்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பெயின்டர், அம்மா தையல்காரர். ராக்ஃபெல்லர் குடும்பத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இந்த வழக்கைப் பல வருடங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். அதற்கு என் தொழிலும் ஒரு காரணம். வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கும் மேஜையில் நெடுநாள் உட்கார்ந்தவன் நான். அந்தக் காலத்தில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் கேட்பது "இன்ட்ரடக்‌ஷன் யார் கொடுக்கிறாங்க?" என்பதுதான். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், இவரை எனக்குத் தெரியும் என்று படிவத்தில் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் ஊரறிந்த ஆளாக இருந்தால் வந்தவரிடம் நாங்கள் அதிகம் கேட்க மாட்டோம். 2002-இல் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்கும் கேஒய்சி விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் ஆவணம் முதலிடத்துக்கு வந்தது. கெர்ஹார்ட்ஸ்ரைட்டர் அமெரிக்காவில் முப்பது வருடம் வாழ்ந்தது முழுக்க முழுக்க அறிமுகக் கையெழுத்துகளின் மேல்தான். சர்ச்சில் பழகியவர் கிளப்புக்குச் சொன்னார். கிளப்பில் பழகியவர் வேலைக்குச் சொன்னார். வேலையில் பார்த்தவர் அடுத்த கிளப்புக்குச் சொன்னார். பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், முதல் ஆள் கையெழுத்தே போட்டிருக்கவில்லை.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. 1978-இல், 17 வயதில், அவர் அமெரிக்காவுக்கு வந்தபோது நடந்ததே அதுதான். ஜெர்மனியில் சுற்றுலா வந்திருந்த ஒரு கலிஃபோர்னியத் தம்பதியைத் தற்செயலாகச் சந்தித்திருந்தார். அவர்கள் பெயரை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன்னை வரவழைப்பவர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு குடும்பம் வெளிநாட்டு மாணவன் என்று நம்பி வீட்டில் தங்க வைத்தது. அங்கே தொலைக்காட்சியில் ஓடிய நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வரும் கோடீஸ்வரப் பாத்திரத்தின் பேச்சைக் கேட்டு, பல்லைக் கடித்தபடி இழுத்துப் பேசும் அந்த உச்சரிப்பைப் பழகிக்கொண்டார். அடுத்த முப்பது வருடத்துக்கு அதுவே அவருடைய குரல். 1981-இல் விஸ்கான்சினில் ஒரு இளம்பெண்ணைத் திருமணம் செய்தார். கிரீன் கார்டுக்கு வழி பிறந்ததும், திருமணம் முடிந்த கையோடு அவரை விட்டுப் போய்விட்டார்.

பிறகு கலிஃபோர்னியாவில் சான் மரினோ. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், பழைய பணக்காரர்கள் வாழும் அமைதியான ஊர். அங்கே அவர் கிறிஸ்டோபர் சிச்செஸ்டர், பரம்பரையாக வரும் பேரனெட் என்ற பிரிட்டிஷ் பட்டத்துக்காரர், மவுன்ட்பேட்டன் பிரபுவின் உறவினர். குடும்ப முத்திரை அச்சடித்த விசிட்டிங் கார்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போனார். வயதான அம்மாக்களிடம் பணிவாக, பழைய காலத்து மரியாதையோடு பேசினார். அவர்கள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். தங்கியது மட்டும் ஒரு வீட்டின் பின்புறம் இருந்த சிறிய விருந்தினர் குடிலில். வீட்டுக்கார அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குடிப்பழக்கமும் இருந்தது. அந்த அம்மாவோடு அவருடைய மகன் ஜான் சோஹஸும் மருமகள் லிண்டாவும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

1985-இல் சான் மரினோவை விட்டுக் காணாமல் போனவர், கண்டத்தின் மறுகோடியில் கனெக்டிகட்டின் கிரெனிச் நகரில் கிறிஸ்டோபர் குரோ என்ற பெயரில் முளைத்தார். இந்தத் தடவை சினிமா, தொலைக்காட்சித் தயாரிப்பாளர். மறுபடியும் சர்ச், மறுபடியும் படகு கிளப். அந்தப் பழக்கத்தில் எஸ்.என். பெல்ப்ஸ் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் கொடுத்த சமூகப் பாதுகாப்பு எண்ணை, அதாவது அமெரிக்காவில் ஆளுக்கு ஒன்றாக அரசாங்கம் தரும் எண்ணைச் சரிபார்த்தபோது, அது நியூயார்க்கையே நடுங்கவைத்த தொடர்கொலைகாரர் டேவிட் பெர்கோவிட்ஸின் எண் என்று தெரிந்தது. வேலை போனது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்ததாக ஜப்பானிய நிறுவனமான நிக்கோ செக்யூரிட்டீஸின் நியூயார்க் அலுவலகத்தில் கார்ப்பரேட் கடன்பத்திரப் பிரிவுக்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு நாள் அனுபவம்கூட இல்லை. அதுவும் போனபின் கிடர் பீபாடி என்ற இன்னொரு பங்குத்தொழில் நிறுவனத்தில் வேலை. ஓர் இடத்தில் துரத்தப்பட்டவர் அடுத்த இடத்துக்குப் போகும்போது, "முன்பு வால் ஸ்ட்ரீட்டில் இருந்தவர்" என்பதே புதிய அறிமுகக் கையெழுத்தாகிவிட்டது. ஏன் போனார் என்று பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

இப்போது நீங்கள் கேட்ட பெயருக்கு வருகிறேன். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் அவர் கிளார்க் ராக்ஃபெல்லர் ஆனார். இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது. 1870-இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைத் தொடங்கிய ஜான் டி. ராக்ஃபெல்லரின் வம்சம் நாலைந்து தலைமுறைக்குக் கிளை விரித்துவிட்டது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியாது. விளம்பரத்தை விரும்பாமல் ஒதுங்கி வாழ்பவர்கள் அதில் பலர். ஆகவே ஒரு ராக்ஃபெல்லர் யாருக்கும் தெரியாதவராக இருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பெரிய பெயர், தெரியாத முகம். இரண்டும் சேர்ந்து வருவது அந்தக் குடும்பத்தில் இயல்பு.

அவர் தன்னை முன்னால் தள்ளிக்கொண்டதும் இல்லை. பளபளப்பான சூட் போடவில்லை, தங்கக் கடிகாரம் காட்டவில்லை. சாயம் போன போலோ சட்டை, சாக்ஸ் இல்லாமல் படகுக் காலணி, கையில் ஒரு கார்டன் செட்டர் நாய். அமெரிக்கப் பழம்பணக்காரர்களின் அடையாளம் அதுதான். புதுப்பணக்காரர் காட்டிக்கொள்வார், பரம்பரைப் பணக்காரர் காட்டிக்கொள்ள மாட்டார் என்று அந்தக் கூட்டம் நம்புகிறது. எளிமையே அத்தாட்சியாகிவிடும் இடத்தில் கையில் காசில்லாதவருக்கு எவ்வளவு சௌகரியம் என்று பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்றால், ஏழை நாடுகளின் கடன்களைச் சீரமைக்க ஆலோசனை சொல்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை என்பார். சிறுவயதில் பெற்றோர் விபத்தில் இறந்ததாகவும், அதற்குப் பிறகு பல வருடம் பேச்சே வராமல் இருந்ததாகவும், 14 வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததாகவும் சொல்வார். பெற்றோர் இறந்துபோனார்கள் என்று சொல்பவரிடம் அதற்கு மேல் துருவிக் கேட்க யாருக்கு மனம் வரும்?

வீட்டுச் சுவரில் ராத்கோ, மாண்ட்ரியன், மதர்வெல் ஓவியங்கள் தொங்கின. கலை தெரிந்தவர்களே வந்து பார்த்து வியந்தார்கள். அத்தனையும் போலி. நவீன ஓவியங்களும் ராக்ஃபெல்லர் பெயரும் ஒன்றாக வந்தால் நியூயார்க்கில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 1929-இல் அந்த நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தைத் தொடங்கிய மூன்று பெண்களில் ஒருவர் ஆபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர். சுவரில் இருந்த படத்தை யாரும் தனியாகப் பார்க்கவில்லை, பெயரோடு சேர்த்துப் பார்த்தார்கள். பெயர் படத்துக்குச் சாட்சி சொன்னது, படம் பெயருக்குச் சாட்சி சொன்னது.

எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று முதல் அறிமுகத்திலேயே கேட்டுவிடும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது விளங்குவது கொஞ்சம் சிரமம். அந்தக் கூட்டத்தில் அப்படிக் கேட்பது அநாகரிகம். ஒரு ராக்ஃபெல்லரிடம் போய் "நீங்கள் எந்தக் கிளை, டேவிட் ராக்ஃபெல்லர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டால், கேட்டவர்தான் வெளியாள் என்று ஆகிவிடும். கேட்கத் துணியாதவர்கள் எல்லோரும் முட்டாள்கள் இல்லை. அந்த வட்டத்தில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பியவர்கள். அவர்கள் தயக்கம் என்ன மாதிரியானது என்று எனக்குத் தெரியும். எங்கள் கிளைக்கு ஒருமுறை ஒருவர் வந்தார். வெள்ளைக் கதர், டிரைவர் வைத்த கார், மேலதிகாரி ஒருவரின் பெயரைச் சாதாரணமாகச் சொன்னார். முகவரிச் சான்று எங்கே என்ற கேள்வி என் வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. கேட்டால் அவமதித்தது போல ஆகுமோ என்ற கூச்சம். நான்கு மாதம் கழித்து அந்தக் கணக்கில் போட்ட காசோலைகள் திரும்பி வந்தபோது, எழுதிக் கொடுத்த முகவரியில் காலி மனை இருந்தது. நெருக்கிக் கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே எழுந்து போயிருப்பார். அந்தக் கேள்வியை ஏன் விழுங்கினேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

மனைவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஹார்வர்டில் எம்பிஏ முடித்தவர், மெக்கின்ஸி என்ற பெரிய நிர்வாக ஆலோசனை நிறுவனத்தில் வேகமாக மேலே வந்தவர். 1993-இல் அறிமுகம், 1995-இல் நான்டக்கெட் தீவில் திருமணம், 2001-இல் ஒரு பெண் குழந்தை. குடும்பத்துக்கு வந்த பணம் முழுவதும் அவர் சம்பாதித்தது. அதைக் கையாண்டது கணவர். இவ்வளவு படித்தவர் ஏமாறுவாரா என்று நீதிமன்றத்திலேயே அவரைக் குடைந்தார்கள். வேலையில் கெட்டிக்காரியாக இருப்பது வேறு, சொந்த வாழ்க்கையில் ஆளைப் புரிந்துகொள்வது வேறு என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதும். அவரை முட்டாள் என்று எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் சந்தித்தபோது, அந்த ஆளை ராக்ஃபெல்லர் என்று அழைக்கும் ஒரு நண்பர் கூட்டம் ஏற்கெனவே சுற்றி இருந்தது. ஊரே ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும்போது காதலிக்கும் பெண் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை என்பது குற்றமா? திருமணத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது கட்டுப்பாட்டில், மிரட்டலில். வீட்டை நியூஹாம்ப்ஷயரின் கார்னிஷ் என்ற சிற்றூருக்கு மாற்றியதும் அதில் ஒரு பகுதி. மனைவி வாரமெல்லாம் வேலைக்காக ஊர் ஊராகப் பறக்க, கணவர் கிராமத்துப் பெரிய மனிதராக வலம் வந்தார்.

இணையத்தில் தேடியிருக்கலாமே என்கிறீர்கள். 2006-இல் பாஸ்டனின் பீக்கன் ஹில் பகுதிக்கு வந்து, அங்கே பெரிய மனிதர்கள் கூடும் அல்கான்குவின் கிளப்பின் இயக்குநர்களில் ஒருவராகவும் ஆனபோது கூகுள் எல்லோர் மேஜையிலும் இருந்தது. ஆனால் ராக்ஃபெல்லர் என்று தேடினால் என்ன வரும்? கடல் போல வரும். அதில் கிளார்க் இல்லை என்றால், ஒதுங்கி வாழும் பணக்காரர், பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். நமக்கு இணையத்தில் பெயர் இல்லாவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அவருக்கு இல்லாததுகூட அந்தஸ்தைக் காட்டியது.

அவரைக் கவிழ்த்தது எதுவென்று பாருங்கள். மனைவி விவாகரத்து கேட்டபோது, கணவரைப் பற்றி விசாரிக்கத் தனியார் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தினார். துப்பறிவாளர் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனார். 1993-க்கு முன்னால் அப்படி ஓர் ஆளே இல்லை. 2007 டிசம்பரில் விவாகரத்து முடிந்தது. தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டிய இடம் வந்ததும் கணவர் வழக்காட நிற்கவில்லை, 8 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு மகளின் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். வருடத்துக்கு மூன்று முறை, மேற்பார்வையோடு மகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. அப்படி ஒரு சந்திப்பில்தான், 2008 ஜூலை 27 அன்று, பாஸ்டன் தெருவில் ஏழு வயது மகளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். கதவைப் பிடித்துத் தொங்கிய சமூகப் பணியாளரைக் கார் இழுத்துக்கொண்டு போனது. பணத்தைத் தங்க நாணயங்களாக மாற்றி, பால்டிமோரில் வேறொரு பெயரில் வீடும் படகும் வாங்கி வைத்திருந்தார். படகில் தண்ணீர் ஏறுகிறது என்று போன் செய்து வெளியே வரவழைத்து, ஆகஸ்ட் 2 அன்று எஃப்பிஐ கைது செய்தது. மகள் பத்திரமாக மீட்கப்பட்டாள்.

அந்த ஆறு நாளில் அவர் முகம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் போன் செய்தார்கள். ஒருவர் அது சிச்செஸ்டர் என்றார், ஒருவர் குரோ என்றார், இன்னொருவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஜெர்மன் பையன் என்றார். முப்பது வருடமாக இவர்களில் ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது. அதுதான் அவருடைய பாதுகாப்பாக இருந்தது. பாஸ்டனில் அவர் பயன்படுத்திய ஒயின் கோப்பையில் கிடைத்த கைரேகை, 1981-இல் கிரீன் கார்டுக்காக அவரே கொடுத்த குடியேற்றக் காகிதங்களில் இருந்த ரேகையோடு பொருந்தியது. அவர் தன் உண்மையான பெயரில், உண்மையான விரலால் அரசாங்கத்துக்குக் கொடுத்த ஒரே அத்தாட்சி அதுதான். ராக்ஃபெல்லர் குடும்பமும் தங்களுக்கு இவர் யாரோ என்று அறிவித்தது. 2009 ஜூனில் கடத்தல் குற்றத்துக்கு நாலு முதல் ஐந்து வருடம் தண்டனை கிடைத்தது. மனநிலை சரியில்லை என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை.

இப்போது சான் மரினோ வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஜான் கணினி வேலை செய்தவர். லிண்டா ஓவியம் வரைவார், அறிவியல் புனைகதைகள் விற்கும் புத்தகக் கடையில் வேலை. இருவருக்கும் முப்பது தாண்டவில்லை. 1985 பிப்ரவரியில் நியூயார்க் பக்கம் ஒரு அரசாங்க வேலைக்காகப் போகிறோம், சீக்கிரம் வந்துவிடுவோம் என்று நண்பர்களிடம் சொன்னார்கள். லிண்டா தன் பூனைகளைக் காப்பகத்தில் விட்டிருந்தார். அவர்கள் திரும்பவில்லை. ஜானின் அம்மா கேட்டபோதெல்லாம் குடிலில் இருந்தவர், அவர்கள் ரகசியமான அரசாங்கப் பணியில் இருக்கிறார்கள், விவரம் சொல்லக்கூடாது என்று ஆறுதல் சொன்னார். பாரிஸிலிருந்து லிண்டா எழுதியது போலத் தபால் அட்டைகள் வந்தன. அந்த மாதங்களில் அவர் பக்கத்து வீட்டில், மரம் அறுக்கும் செயின்சா ஒன்றை இரவல் வாங்கினார். பின்புறத் தோட்டத்தில் நண்பர்களைக் கூப்பிட்டு விளையாட்டு நடத்தினார். மண் ஏன் தோண்டியிருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, குழாய் ரிப்பேர் என்றார்.

1988-இல் கிரெனிச்சில், ஒரு பாதிரியாரின் மகனுக்கு அவர் ஒரு பிக்கப் வண்டியைக் கொடுக்க முன்வந்தார். வண்டிக்கு உரிமைப் பத்திரம் இல்லை. அந்த இளைஞன் பதிவு செய்யப் போனபோது, அது கலிஃபோர்னியாவில் காணாமல் போன தம்பதியின் வண்டி என்று வெளியே வந்தது. போலீஸ் தேடத் தொடங்கியதும் கிறிஸ்டோபர் குரோ மறைந்துபோனார். கிளார்க் ராக்ஃபெல்லர் பிறந்தது அப்படித்தான். அந்தஸ்துக்கு ஆசைப்பட்டு மட்டும் போட்ட வேஷம் இல்லை அது. விசாரிக்கக் கூசும் அளவுக்குப் பெரிய ஒரு பெயர் அப்போது அவருக்குத் தேவைப்பட்டது. அவரை ஒரு கெட்டிக்கார ஏமாற்றுக்காரராக ரசித்து எழுதுபவர்கள் இந்த வண்டியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1994 மே மாதம், கைமாறியிருந்த அந்த வீட்டில் நீச்சல் குளத்துக்குக் குழி தோண்டியபோது ஜானின் எலும்புகள் கிடைத்தன. மண்டையோட்டைச் சுற்றியிருந்தவை இரண்டு பிளாஸ்டிக் பைகள். ஒன்று மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகப் புத்தகக் கடையின் பை, மற்றொன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் கடையின் பை. இரண்டு இடத்திலும் நடமாடிய ஒரே ஆள் அந்தக் குடிலில் குடியிருந்தவர். ஆனால் அந்த ஆள் யார், இப்போது எங்கே என்பது 2008 வரை யாருக்கும் தெரியவில்லை. எலும்புகள் கிடைத்த மறுவருடம் அவர் நான்டக்கெட்டில் மணமகனாக நின்றுகொண்டிருந்தார்.

2013 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி ஜானைக் கொன்றவர் அவர்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 27 வருடம் முதல் ஆயுள் முழுவதும் சிறை. ஜானின் அம்மா இதில் எதையும் அறியவில்லை. மகன் வருவான் என்று காத்திருந்து, வீட்டை விற்று, 1988-இலேயே இறந்துவிட்டார். லிண்டாவின் உடல் கிடைக்கவேயில்லை.